தகட்டைப் பார்க்க முதல் களியைப் பாருங்கோ

முதலே சொல்லிவிடுகிறோம்: பிக்கப்புக்கு ஸ்கிட் பிளேட் போடுவதற்கு நாங்கள் எதிரிகள் இல்லை. மன்னார் மாவட்டத்தில், ஏ-14 வீதியை விட்டு உள்ளுக்கு இறங்கி ஓடுகிற எந்த வாகனத்துக்கும் அடியில் ஒரு நல்ல தகடு தேவை. எங்கட சண்டை வேறு. ஃபோனில் நாலு வீடியோ பார்த்து, கொழும்புக்குக் காசு அனுப்பி, பார்சலில் வருகிற தகட்டை, எங்கட மண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் பூட்டுகிற பழக்கத்தோடுதான் சண்டை. அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு நினைப்போடும் சண்டை. வெளியிலிருந்து வந்தால் சாமான், முருங்கனில் வெட்டி ஒட்டினால் 'லோக்கல்' என்கிற நினைப்பு அது.

படத்துக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுகிற ஆக்கள் ஏன் இரும்புத் தகட்டைப் பற்றி எழுதுறியள் எண்டு சிலபேர் கேட்பீர்கள். ஒரு படம் சரியில்லை என்றால் டிக்கெட் காசும் மூன்று மணித்தியாலமும் போகும். ஒரு தகடு சரியில்லை என்றால் ஒரு குடும்பத்தின் எஞ்சின் போகும். எது கட்டாயம் விமர்சிக்கப்பட வேண்டிய சாமான் என்று நீங்களே யோசியுங்கோ.

என்ன நட்டம் வரும்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருசம், நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. பழைய ஹைலக்ஸ், பழைய எல்-200, டி-மக்ஸ், பொலேரோ எல்லாம் காணி மாதிரி ஆகிவிட்டன. இறக்குமதி திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே நானாட்டான் பக்கத்தில் ஒரு கமக்காரன் வீட்டு முற்றத்தில் நிற்கிற பிக்கப், நகைக்கும் காணிக்கும் அடுத்ததாக அந்த வீட்டின் பெரிய சொத்து. நெல் ஏற்றுவதும், உரம் இறக்குவதும், இரவில் வயிற்றுவலி எண்டால் முருங்கன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான்.

அந்த வாகனத்தின் அடியில் மிகப் பதிவான இடங்களில் ஒன்றில் தொங்குவது ஒயில் சம்ப். எஞ்சின் ஒயில் வந்து தேங்குகிற தட்டு. சில எஞ்சின்களில் அது மெல்லிய தகரத்தை அமுக்கிச் செய்தது, சிலவற்றில் வார்த்த அலுமினியம். தகரம் நெளியும், வார்ப்பு அலுமினியம் வெடிக்கும். வெடித்தால் ஒயில் மண்ணுக்குள் போய்விடும். டாஷ்போட்டில் சிவப்பு ஒயில் விளக்கு எரிகிறதைக் காணாமல், அல்லது கண்டும் 'சந்தி மட்டும் போவம்' எண்டு ஓட்டினால், சில நிமிசத்தில் பெயரிங் பிடிக்கும். பிறகு எஞ்சின் இறக்க வேண்டியதுதான். சம்புக்குக் கிட்டவே ஸ்டியரிங் றாக்கும், ஃபோர் வீல் வாகனம் என்றால் முன் டிஃபரென்ஷலும் இருக்கின்றன. பின்னுக்கு கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதற்கும் அப்பால் டீசல் தாங்கி.

இவற்றைக் காக்கத்தான் தகடு. முன் பம்பருக்குக் கீழே சிவப்பு நிறத்தில், டி.ஆர்.டி எழுத்து ஒட்டி விற்கிற அந்த பிளாஸ்டிக் துண்டைப் பற்றி நாங்கள் இங்கே பேசவில்லை. அது பொட்டு. வடிவுக்கு வைக்கலாம், தப்பில்லை. ஆனால் 'ஸ்கிட் பிளேட் போட்டிட்டன்' எண்டு சொல்லிக்கொண்டு பனங்குத்திக்கு மேலால் ஏத்தாதேங்கோ. கொம்பனியிலிருந்து வருகிற பல பிக்கப்புகளின் அடித்தகடும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேறும் சின்னக் கல்லும் தெறிக்காமல் மறைக்கும். வாகனத்தின் பாரம் அதன்மேல் வந்து இருந்தால் மடங்கிப் போய்ச் சம்பிலேயே முட்டும்.

அது ஆற்ற நிலத்துக்குச் செய்தது?

இனி விசயத்துக்கு வருவோம். சந்தையில் 'ஓஃப்-றோட்' என்று பெயர் வைத்து விற்கிற தகடுகள் பெரும்பாலும் இரண்டு நிலத்தை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. ஒன்று அமெரிக்காவின் பாறை நிலம்: கலிஃபோர்னியாவின் ரூபிகன் பாதையும் யூட்டாவின் மோவாப்பும். மற்றது அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுக் கல்லும் செம்மண்ணும். அங்கே வாகனம் ஒரு கல்லின்மேல் முழுப் பாரத்தோடு உட்கார்ந்து, இழுபட்டு, மறுபக்கம் இறங்க வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தகடுகள் எஞ்சினிலிருந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வரைக்கும் ஓட்டை ஒடிசல் இல்லாமல் மூடி, வழுவழு எண்டு இருக்கின்றன. கல்லுக்கு அது சரி.

முருங்கனில் கல்லு எங்கே இருக்கு?

எங்கட நிலம் களி. சாதாரணக் களியும் இல்லை. இலங்கையின் மண் வகைப்படுத்தலில் குருமுசோல் என்று ஒரு வகை உண்டு. கறுப்பு நிறம், ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதற்கு உதாரணம் சொல்லுகிறபோது ஆய்வாளர்கள் முதலில் சொல்லுகிற இடங்கள் முருங்கனும் துணுக்காயும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலேறிப் போனதும் இந்த முருங்கன் களிதான். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்து நெல்லை விளைய வைக்கிறதும் இதுதான். வயலுக்கு அது வரம். வாகனத்தின் அடிக்கு அது வேறு கதை.

மாரியில் இந்த மண்ணில் ட்ரக்டர் ஓடும். பெரிய சில்லு இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் போட்டுவிட்டுப் போகும். நடுவில் மண் முதுகு மாதிரி எழும்பி நிற்கும். தை மாசி வெயிலில் அந்த முதுகு காய்ந்து செங்கல்லாகிவிடும். சிறுபோக நேரம் பிக்கப்பைக் கொண்டு அதே தடத்தில் இறங்கினால், எங்கட 'பாறை' அதுதான். பரிகாரிகண்டல் பக்கமோ கட்டையடம்பன் பக்கமோ உள்பாதையில் ஓடியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்: தடத்தின் நடுமுதுகு அடியில் உரஞ்சிக்கொண்டு வருகிற சத்தம்.

அதோடு காடு வெட்டிய இடத்தில் மிஞ்சிய பாலை, வீரை அடிக்கட்டைகள், பனங்குத்தி, உடைந்த மதகுக் கொங்கிறீற்று, யுத்த காலத்து மண் அணைகளில் கிடக்கிற கம்பிக்கட்டை. கரைப் பக்கம், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக்கு இறங்கினால் மணலும் உப்பும். எங்கட வாகனத்தின் எதிரிகளின் பட்டியல் இதுதான். ரூபிகன் பாதையின் கருங்கல் இந்தப் பட்டியலில் இல்லை.

தகட்டுக்கு மேலே ஒரு வயல்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ.

ஓட்டை இல்லாமல் முழுதாக மூடின தகட்டை இந்தக் களிக்குள் இறக்கினால், மண் கீழே தட்டுப்பட்டு நிற்காது. முன் சில்லு எறிகிற சேறு மேலிருந்து தகட்டுக்குள் விழும். விழுந்தது வெளியே போக வழியில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கோ. 80 சென்ரிமீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம் உள்ள ஒரு தகடு. அதற்கு மேலே 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சேறு தங்கினால் 24 லீற்றர். ஈரக் களி லீற்றருக்கு ஒண்டேமுக்கால் கிலோவுக்குக் குறையாது. அப்ப 40 கிலோவுக்கு மேல். அதே அளவில் 4 மி.மீ. இரும்புத் தகட்டின் நிறையே 15 கிலோதான். நீங்கள் பூட்டினது 15 கிலோ, சுமப்பது 55 கிலோ.

பாரம் மட்டும் எண்டால் பரவாயில்லை. அந்தக் களி எஞ்சின் சூட்டில் காய்ந்து சம்பைச் சுற்றிக் கட்டியாகப் பிடிக்கும். சம்புக்கும் கியர் பொக்ஸுக்கும் கீழால் ஓடுகிற காற்றும் ஒரு குளிர்ச்சி; அது நின்றுவிடும். ஒயில் ஒழுகினாலும் வெளியில் தெரியாது, களி குடித்துவிடும். கரைப் பக்கம் போய் வந்த வாகனம் என்றால் அந்தக் களிக்குள் உப்பும் இருக்கும். ஈர உப்பை இரும்பில் வைத்துக் கட்டி ஒரு மாதம் விட்டால் என்ன நடக்கும் எண்டு மன்னாரில் பிறந்த ஆளுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. சேசிஸைக் காக்கப் போட்ட தகடே சேசிஸைத் தின்னும்.

இன்னொன்று வைக்கோல். அறுவடை நேரம் வெட்டின வயலுக்குள்ளால் ஓடினால் காய்ந்த தாள் தகட்டுக்கும் எக்ஸோஸ்ட் குழாய்க்கும் இடையில் சிக்கும். அவுஸ்திரேலியாவில் காய்ந்த புல் இப்படிச் சிக்கி வாகனங்கள் எரிந்திருக்கின்றன. அதனால்தான் அங்கே புல்வெளியில் ஓடுகிறவர்கள் இடைக்கிடை நிறுத்தி, குனிந்து பார்த்து, புல்லை இழுத்துப் போடுகிறார்கள். அந்த வீடியோவை எங்கட பெடியள் ஷெயார் பண்ணுறேல்லை. கல்லுக்கு மேலால் ஏறுகிற வீடியோவைத்தான் ஷெயார் பண்ணுவார்கள்.

ஆகவே எங்கட முதல் விதி: இந்த மண்ணுக்கு, மண்ணை வெளியே விடாத தகடு தகடே இல்லை. பின் விளிம்பு திறந்திருக்க வேண்டும். நடுவில் நீளப் பிளவுகள் வேண்டும். ஹோஸ் பைப்பை மேலிருந்து விட்டால் சேறு கரைந்து கீழே கொட்ட வேண்டும். ஒயில் கழற்றுகிற நட்டுக்கு நேரே கை போகிற அளவு வாய் வேண்டும். அந்த வாய் இல்லாத தகட்டை ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் கழற்ற வேணும். கழற்றப் பஞ்சிப்பட்டு ஒயில் மாத்துறதையே தள்ளிப்போடுவீர்கள். அதுவும் எஞ்சினுக்குச் செய்கிற துரோகம்தான்.

அலுமினியமா இரும்பா

இந்தக் கேள்வியைச் சமயச் சண்டை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அரை உண்மை.

அலுமினியம் லேசு. ஒரு சதுர மீற்றரில் 3 மி.மீ. இரும்பு 23 கிலோவுக்கு மேல், 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ. வளையாமல் நிற்கிற பலத்தில் அந்த 6 மி.மீ. அலுமினியம் 3 மி.மீ. இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம், ஏனெனில் தடிப்புக் கூடக் கூட விறைப்பு மும்மடியாகக் கூடும். ஆகவே 'அலுமினியம் எண்டால் கடதாசி' என்கிற கராஜ் கதை பிழை. அது துருவும் பிடிக்காது, சூட்டையும் கெதியாக விடும்.

ஆனால் நீங்கள் அலுமினியத்தை ஆய்வுகூடத்தில் வைத்து ஓட்டப் போறதில்லை. முருங்கனில் ஓட்டப் போறீர்கள். மூன்று விசயம் பாருங்கோ. முதலாவது, அலுமினியத் தகட்டை சேசிஸில் பிடிப்பது இரும்பு போல்ட். இரண்டு உலோகமும் தொடுகிற இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் பற்றரிக்குள் நடக்கிற வேலை அங்கே நடக்கும், கரைவது அலுமினியம். போல்ட் ஓட்டை பெருத்து, தகடு ஆடத் தொடங்கும். றப்பர் வாஷர், பெயின்ற், கிறீஸ் எல்லாம் போட்டு இதைத் தள்ளிப்போடலாம். ஆனால் கவனிக்க வேணும். இரண்டாவது, அலுமினியம் மெத்து. இரும்பு ஒரு கொங்கிறீற்று விளிம்பில் வழுக்கிப் போகும். அலுமினியம் பிடித்துக்கொள்ளும், செதில் செதிலாகக் கிழியும். மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியம்: அலுமினியத்தை ஒட்ட ஆகன் வாயுவும் அதற்குரிய வெல்டிங் மெசினும் பழகின கையும் வேண்டும். இரும்பை ஒட்ட சாதாரண ஆர்க் வெல்டிங் போதும். சாதாரண ஆர்க் வெல்டிங் முருங்கனிலும் இருக்கு, நானாட்டானிலும் இருக்கு, ஒரு ட்ரக்டர் கலப்பை உடைகிற எந்த ஊரிலும் இருக்கு. வெடித்த இரும்புத் தகட்டை அன்றைக்குப் பின்னேரமே ஒட்டிக்கொண்டு போகலாம். வெடித்த அலுமினியத் தகட்டைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேணும், அல்லது பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேணும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவுக்கு நல்லதுதான். ஆனால் விலை கூட, வளைத்து எடுக்கிறதும் பாடு. விட்டுவிடுங்கோ.

ஆகவே எங்கட தீர்ப்பு, ஒளிவு மறைவில்லாமல்: இந்தப் பக்கத்துப் பிக்கப்புக்கு முன்பக்கம் 4 மி.மீ. சாதாரண இரும்புத் தகடு. கியர் பொக்ஸுக்குத் தேவை எண்டால் 3 மி.மீ. அவ்வளவு போதும். முன்னிருந்து பின்வரை முழு 'செட்' வேண்டாம். ஒன்றரைச் சதுர மீற்றரை 4 மி.மீ. இரும்பால் மூடினால் தகடு மட்டும் 47 கிலோ. தாங்குகோலும் போல்டும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நெல் மூட்டையின் நிறையை எப்போதும் அடியில் கட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள். ஸ்பிறிங் பதியும், டீசல் போகும். பதிந்த வாகனம் முன்னர் தட்டாத இடத்திலும் தட்டும். தட்டாமல் இருக்கப் போட்ட தகட்டால் தட்டும்.

டீசல் தாங்கிக்குத் தகடு வேணுமா என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்லலாம். காட்டுக்கட்டை உள்ள பாதையில் கிழமைக்கு நாலுதரம் ஓடுகிறவருக்கு வேணும். சந்திக்கும் மன்னாருக்கும் ஓடுகிறவருக்குத் தேவையில்லை.

வெல்டிங் கடைக்குப் போகும்போது

'லோக்கல் வேலை கழண்டு விழும்' என்று சொல்லுவார்கள். விழும்தான், என்ன வேணும் எண்டு சொல்லத் தெரியாத ஆள் போய் 'அண்ணை, அடிக்கு ஒரு தகடு அடிச்சுத் தாங்கோ' எண்டு கேட்டால். ட்ரெயிலருக்கும் கலப்பைக்கும் இந்த மண்ணில் வருசக் கணக்காக வேலை செய்கிற கைக்கு ஒரு தகட்டை வளைத்து ஒட்டத் தெரியாது என்பது எங்களுக்கு நம்ப முடியாத கதை. குறை கையில் இல்லை, கேட்கிற வாயில். ஆகவே கேட்க வேண்டியதைச் சொல்லுகிறோம்.

தகட்டைத் தட்டையாக விட வேண்டாம். இரண்டு பக்கமும் விளிம்பை மேலே மடிக்கச் சொல்லுங்கோ. ஒரு மடிப்பு தருகிற விறைப்பை இன்னொரு மில்லிமீற்றர் இரும்பு தராது. முன் விளிம்பும் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், மண்வெட்டி மாதிரி நேரே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

இரண்டு தகடு போடுகிறீர்கள் எண்டால் கிடுகு வேய்கிற மாதிரிப் போட வேண்டும். முன் தகட்டின் பின் விளிம்பு கீழே, பின் தகட்டின் முன் விளிம்பு அதற்கு மேலே. மாறிப் போட்டால் பின் தகட்டின் வாய் ஒவ்வொரு கட்டையையும் கவ்வும்.

போல்ட் தலை வெளியில் துருத்தக் கூடாது. குழி போட்டு உள்ளே இறக்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு ஒட்டிக் காக்க வேண்டும். இல்லையெண்டால் இரண்டு மாதத்தில் தலை தேய்ந்து சாவி பிடிக்காது. பிறகு கழற்றுவது கிறைண்டரால்தான். தலையில் 8.8 என்று அடித்த போல்ட் வாங்குங்கோ. பூட்ட முதல் கிறீஸ் தடவுங்கோ.

தகட்டைச் சேசிஸில் நேரே ஒட்ட விடாதேங்கோ. யார் சொன்னாலும் வேண்டாம். சேசிஸில் ஏற்கனவே இருக்கிற ஓட்டைகளுக்கு அளவெடுத்துத் தாங்குகோல் செய்து, வாகனத்துக்கு வெளியே வைத்து ஒட்டி, போல்டால் பூட்ட வேண்டும். வாகனத்தில் வைத்து ஒட்டினால் சேசிஸ் சூடேறிப் பலம் குறையும். பற்றரி கழற்றாமல் ஒட்டினால் இப்பத்தைய வாகனத்தின் கம்பியூட்டர் பெட்டியும் போகலாம். பம்பரோடு சேர்த்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மோதினால் முன்பக்கம் நசுங்க வேண்டிய விதத்தில் நசுங்கட்டும்.

சம்புக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு விரலாவது போக வேண்டும். பூட்டின பிறகு ஒரு சோதனை: ஜாக்கைத் தகட்டின் நடுவில் ஒரு பலகை வைத்து மெல்ல உயர்த்துங்கோ. முன்பக்கப் பாரம் தகட்டில் ஏறுகிறபோது தகடு சம்பைத் தொடக் கூடாது. தொட்டால் அது அலங்காரம், திருப்பிக் கொடுங்கோ. இந்தச் சோதனை நேரம் ஒருவரும் வாகனத்துக்குக் கீழே போகக் கூடாது. எட்டிப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

கடைசியாக, பெயின்ற். உள்பக்கம்தான் முதலில் துருப் பிடிக்கும், வெளிப்பக்கம் இல்லை. வெளிப்பக்கத்தைக் கறுப்படித்து மினுக்கிக் காட்டுவார்கள். நீங்கள் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. மழை நாளில் ஓடி வந்தால் களி காய முதல் கழுவுங்கோ. காய்ந்த பிறகு முருங்கன் களியைக் கழுவ முடியாது, உளிதான்.

வருகிற மறுப்புகள்

'விக்கிற நேரம் பிராண்ட் தகட்டுக்கு விலை வரும்.' வாங்குகிறவர் தகட்டுக்குக் காசு தர மாட்டார். சம்ப் முழுசாக இருந்தால், சேசிஸ் துருப் பிடிக்காமல் இருந்தால் தருவார். அவர் விவரமான ஆள் எண்டால் தகட்டைக் கழற்றிப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

'கொழும்புத் தகடு அச்சொட்டாகப் பொருந்தும்.' உங்கட மொடலுக்கு, உங்கட வருசத்துக்குச் செய்தது எண்டால் பொருந்தும். ஆனால் விகோவுக்குச் செய்ததை ரெவோவுக்கும், தாய்லாந்து மொடலுக்குச் செய்ததை ஜப்பான் மொடலுக்கும் 'ஏறும், ஏறும்' எண்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறாவிட்டால் ஓட்டையைப் பெருப்பிக்க நீங்கள் போவது எங்கே? அதே வெல்டிங் கடைக்குத்தான்.

'றோட்டைப் போட்டால் தகடே தேவையில்லை.' இதில் எங்களுக்கு அரைவாசி உடன்பாடு. ஏ-14 கார்ப்பெட். 2015-இல் தலைமன்னார் வரைக்கும் ரயிலும் திரும்ப ஓடத் தொடங்கியது. பெரிய பாதைக்கு வெட்டுகிற நாடாவை உள்பாதைக்கு வெட்ட ஒருவரும் வருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன்ர காசில் தகடு வாங்குவது, போடாத றோட்டுக்கு நாங்கள் கட்டுகிற வரி. அந்தக் கேள்வியைப் பிரதேச சபைக் கூட்டத்தில் கேட்க வேணும், கேட்போம். ஆனால் வயலுக்குள் இறங்குகிற பாதை எந்த ஆட்சியிலும் களிதான். அதற்குத் தகடு வேணும்.

இனி, எங்களோடு கோபித்துக்கொள்ளக் கூடிய ஒரு விசயம். தகடு பூட்டின அடுத்த நாளே 'டெஸ்ட்' பண்ணக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே? வங்காலைச் சதுப்பில், கட்டுக்கரைக் குளக்கட்டில். வங்காலை 2008-இல் சரணாலயமாக்கப்பட்டது, 2010-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பனிநாட்டிலிருந்து பறந்து வருகிற பறவைகள் இரை தேடுகிற சேறு அது. அந்தச் சேற்றில் போட்ட சில்லுத் தடம் அடுத்த மாரிவரை மாறாது. கட்டுக்கரையும் சரணாலயம்தான். அதைவிடப் பெரிது, அருவி ஆற்றுத் தண்ணீரைத் தேக்கத்திலிருந்து கொண்டு வந்து அந்தக் கட்டு பிடித்து வைத்திருப்பதால்தான் இந்தப் பக்கம் சோறு. ஈரக் கட்டில் நீங்கள் போடுகிற பள்ளத்தால் அடுத்த மழைத் தண்ணீர் வழிந்து கட்டைக் கரைக்கும். ரீல்ஸுக்கு ஒரு நிமிசம் கிடைக்கும். அந்தக் கட்டைத் திரும்ப மண் போட்டு இறுக்குவது கமக்காரனின் கூலி. தகடு உங்களுக்கு வேலைக்காக. குளக்கட்டில் விளையாட அது அனுமதிச் சீட்டு இல்லை.

நாங்கள் கேட்பது

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒன்றிலிருந்து தொடங்குவதால்தான் ஊர் வேலை விலை கூடியும் பிழைத்தும் போகிறது. இந்தப் பக்கம் ஓடுகிற பிக்கப்புகளில் திரும்பத் திரும்பக் காண்பது நாலைந்து மொடல்தான். ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு தரம் சரியாக அளவெடுத்து, தடித்த கார்ட்போட்டில் வெட்டிப் பார்த்து, பொருந்தினதை ஹார்ட்போட்டில் மாற்றி, போல்ட் ஓட்டை, ஒயில் வாய், சேறு வெளியேறும் பிளவு எல்லாம் குறித்து ஒரு வெல்டிங் கடையில் தொங்கவிட்டால், அடுத்த ஆளுக்கு அளவெடுக்கிற கூலி இல்லை, பிழை இல்லை. ஒரு முழு இரும்புத் தகட்டில் மூன்று நாலு பேருக்குச் சேர்த்து வெட்டினால் கழிவும் குறையும். தையல் கடையில் சட்டைக்கு அச்சு வைத்திருக்கிற மாதிரித்தான், இதில் ஒரு பெரிய விஞ்ஞானமும் இல்லை.

ஆகவே பார்சலுக்குக் காசு போட முதல் ஒரு வேலை செய்யுங்கோ. அடுத்த மழைக்குப் பிறகு, வாகனத்தை உங்கட வழமையான பாதையில் வழமையான பாரத்தோடு ஒரு தரம் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கோ. கழுவாதேங்கோ. ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்து, டோர்ச் அடித்துப் பாருங்கோ: எந்த இடம் உரஞ்சியிருக்கு, எந்த இடத்தில் களி பிடிச்சிருக்கு, எந்த இடம் சுத்தமாக இருக்கு. சுத்தமாக இருக்கிற இடத்துக்குத் தகடு வேண்டாம். உரஞ்சின இடத்தை மெசரிங் ரேப்பால் அளந்து, மொடலும் வருசமும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. முதலாவது அச்சை ஹைலக்ஸ் விகோவுக்கு வெட்ட நினைத்திருக்கிறோம். பொலேரோ வைத்திருக்கிற யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வாகனத்தைக் கொண்டுவந்து விட்டால் இரண்டாவதையும் தொடங்கலாம்.